புதிதாகக் கடை வைப்பவர்களுக்கு: வருபவர் வாங்கவும் வேலை செய்பவர் நிலைக்கவும்

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லிப் பழகிய லெபோ பாசார் வட்டாரத்தில், மளிகையும் பூசைப் பொருளும் விற்கும் கடைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருக்கிறேன். முதலில் வேலையாளாக, பிறகு சொந்தக் கடைக்காரனாக. கடை வைக்க நினைக்கும் இளையவர்கள் என்னிடம் வந்து கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். கடைக்குள் வருகிறவர்களை வாங்க வைப்பது எப்படி என்பது ஒன்று. வேலைக்கு எடுத்த ஆள் மூன்றாம் மாதமே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனித் தலைவலிகளாக எண்ணித்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால், இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த வேரை விளக்க இரண்டு ஆய்வாளர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாக ஏறத்தாழ 200 பேரிடம், வேலையில் மனம் நிறைந்த சமயம் எது, மனம் வெறுத்த சமயம் எது என்று கேட்டு, கிடைத்ததை 1959இல் வெளியிட்டார்கள். மனம் நிறைந்ததற்குச் சாதித்த உணர்வு, பாராட்டு, வேலையின் இயல்பு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை காரணங்களாக வந்தன. வெறுத்ததற்கு நிர்வாக விதிகள், மேலாளரின் நடத்தை, சம்பளம், வேலையிடத்தின் நிலை ஆகியவை காரணங்களாக வந்தன. அதாவது வெறுப்பைப் போக்குவது வேறு, விருப்பத்தை உண்டாக்குவது வேறு. ஜப்பானியரான நோரியாக்கி கானோ இதே எண்ணத்தைப் பொருள்களின் தரத்துக்குப் பொருத்தி 1984இல் எழுதினார்: சில குணங்கள் இருந்தே தீர வேண்டும், இருப்பதற்காக யாரும் பாராட்டுவதில்லை, வேறு சில குணங்கள் இல்லாவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை, இருந்தால் மனம் குளிர்கிறது.

நம் வீட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சாம்பாரில் உப்புச் சரியாக இருப்பதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். உப்பே இல்லையென்றால் எத்தனை முந்திரிப் பருப்புப் போட்ட பாயசம் பின்னால் வந்தாலும் பந்தியில் பேச்சு அந்தச் சாம்பாரைப் பற்றித்தான் இருக்கும். வாங்குபவருக்கும் ஓர் உப்புக் கணக்கு உண்டு, வேலையாளுக்கும் ஓர் உப்புக் கணக்கு உண்டு. புதிதாகக் கடை திறப்பவர்களில் பலர் விளக்கு அலங்காரம், தள்ளுபடி, பரிசுக் கூப்பன் என்று பாயசத்தில் பணத்தைக் கொட்டிவிட்டு உப்பை மறந்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் படிகளின் வரிசை அதனால்தான் முக்கியம்.

முதல் படி: திறப்பதற்கு முன் நின்று பாருங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடைக்கு எதிரில் குறைந்தது இரண்டு வாரம், வெவ்வேறு நேரங்களில் நின்று பாருங்கள். லெபோ பாசாரில் செவ்வாய்க்கிழமை காலையில் வருபவரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருபவரும் ஒரே ஆள் அல்லர். வெள்ளிக்கிழமையன்று லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் பூவும் கற்பூரமும் எலுமிச்சையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு நேரம் குறைவு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் குடும்பமாக வருகிறவர்கள் பட்டியலோடு வருவார்கள்; வண்டி நிறுத்த இடம் தேடியே களைத்துப்போயிருப்பார்கள். ஸ்வெட்டன்ஹம் துறைமுகத்தில் பயணக் கப்பல் வந்து நிற்கும் நாளில் வருகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், சிறியதாக ஏதேனும் வாங்குவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், பக்கத்துக் கடைகளுக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தவர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிறகு யோசித்துச் சேர்த்ததாக இருக்கும். வாங்காமல் போனவரின் முகத்திலும் கையிலும் உண்மை தெரியும். பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, விலைச்சீட்டைத் தேடி, கிடைக்காமல் வைத்துவிட்டுப் போனாரா? வரிசையைப் பார்த்துத் திரும்பினாரா? கேட்ட பொருளுக்கு “இல்லை” என்ற ஒற்றைச் சொல் மட்டும் கிடைத்ததா? இந்தக் குறிப்புகள்தாம் உங்கள் கடையின் முதல் திட்டம்.

இரண்டாம் படி: வாங்குபவரின் உப்பு

இந்தப் பட்டியலில் பாதியைச் சட்டமே நமக்காக எழுதி வைத்திருக்கிறது. கடையை மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில், வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உரிமமும் பெயர்ப்பலகை அனுமதியும் பினாங்கு தீவு மாநகர் மன்றத்திடம் பெற வேண்டும். பலகையில் மலாய்மொழி முதன்மையாக இருக்க வேண்டும். பொருளுக்கு விலை எழுதி வைப்பதும் சட்டப்படி கட்டாயம். இதை அதிகாரிக்குப் பயந்து செய்கிற வேலையாக நினைக்காதீர்கள். விலை கேட்க நம்மவர்களில் பலருக்குக் கூச்சம் உண்டு. “தம்பி, இது எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கேட்காமலே போகிறவர்களை நான் எண்ணற்ற தடவை பார்த்திருக்கிறேன். மலாய்க்காரரும் சீனரும் உங்கள் கடைக்கு வருவார்கள் என்பதால் மஞ்சள் என்று எழுதியதன் கீழே குன்யிட் என்றும், சீரகத்தின் கீழே ஜிந்தான் புத்தே என்றும் ஒரு வரி சேர்த்தால், அவர்களும் யாரையும் கேட்காமல் எடுக்கலாம்.

தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரையோடு, வாங்குபவர் கண்ணுக்கு எண் தெரியும்படி திரும்பியிருக்க வேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டை கவுண்டரில் இருக்க வேண்டும். அதே சமயம் கல்லாவில் சில்லறையும் இருக்க வேண்டும், ஏனென்றால் பூசைப் பொருள் வாங்க வரும் பெரியவர்களில் பலர் இன்றும் நோட்டைத்தான் நீட்டுகிறார்கள். ரொக்க விற்பனையில் 1 சென் நாணயம் 2008 ஏப்ரலிலிருந்து கிடையாது. மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யும் முறையை உங்கள் வேலையாளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றையும் மேலே தூக்கிச் சரிசெய்யும் கடையின் பெயர் ஒரு வாரத்தில் தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

பழுதான பொருள் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தோடு எவரும் பதிவு செய்யலாம். பல்லாண்டுகள் எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் செயல்பட்டுவரும் ஊர் இது. இங்கே வாங்குபவருக்குத் தம் உரிமை தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் கடை நடத்துவது நேர்மையான கடைக்காரருக்கு நல்லதென்று நான் மனமார நம்புகிறேன்.

மூன்றாம் படி: மனத்தை அசைப்பது எது

உப்பு சரியான பிறகுதான் இந்தப் படிக்கு வர வேண்டும். விலை குறைவாக இருந்தால் மக்கள் வாங்குவார்கள் என்பது புதியவர்களின் பொதுவான எண்ணம். விலைக்கு இடம் உண்டு. ஆனால் பெரும்பாலான தடவை வாங்குபவரைத் தயங்க வைப்பது ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் காட்டியதுபோல், ஒரு தொகை கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட அதே தொகை கைவிட்டுப் போகும்போது வரும் வருத்தம் பெரியது. பினாங்கில் 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் இலவச பிளாஸ்டிக் பை இல்லை என்றானபோது இதைக் கண்ணால் கண்டோம். இருநூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, சாமான் வாங்கியவர், பைக்கு 20 சென் கேட்டதும் வேண்டாம் என்று இரு கைகளிலும் அணைத்துக்கொண்டு போனார். அடுத்த தடவை வீட்டிலிருந்து துணிப்பை கொண்டு வந்தார்.

ஆகவே, “வாங்கினால் இன்ன நன்மை” என்று பேசுவதைவிட, தவறாக வாங்கிவிடுவோம் என்ற பயத்தைக் குறைப்பதே பயன் தரும். ஒரு நாள் எங்கள் கடைக்கு ஓர் அம்மா பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வந்தார். மகள் கல்யாணமாகி பாயான் லெப்பாசில் புது வீட்டுக்குக் குடிபோகிறாள், அதற்கு. நான்கு விளக்குகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, தண்டும் அடிப்பாகமும் சேரும் மரையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வந்து, “அம்மா, எண்ணெய் ஒழுகுமோன்னு பாக்குறீங்களா?” என்று கேட்டாள். விற்பனைக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் பாட்டில் ஒன்றைத் திறந்து, மேல்தட்டில் ஊற்றி, அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, திரி போட்டு ஏற்றினாள். இருவரும் பத்து நிமிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரு சொட்டு இல்லை. அந்த அம்மா வாங்கியது நான்கில் விலை கூடிய விளக்கு. அந்த ஆண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பால்குடம் வாங்கத் தம் தங்கை குடும்பத்தையும் எங்களிடமே அழைத்து வந்தார்.

உங்கள் கடையில் வாங்குபவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கண்டுபிடியுங்கள். மசாலா என்றால் பழையதாக இருக்குமோ என்ற அச்சம். அரைத்த தேதியை எழுதுங்கள், ஒரு சிறு கிண்ணத்தில் முகர்ந்து பார்க்க வையுங்கள், 50 கிராம் பொட்டலமும் போடுங்கள். துணி என்றால் சாயம் போகுமோ என்ற அச்சம். வீட்டில் ஒரு துண்டை அலசிக் காயவைத்து அதையே பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

எத்தனை வகை வைப்பது என்றும் கேட்பார்கள். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவின் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்த மேசையருகே கடந்து போனவர்களில் 60 விழுக்காட்டினர் நின்றார்கள், நின்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 40 விழுக்காட்டினர்தாம் நின்றார்கள், ஆனால் அவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். இதைப் படித்துவிட்டு அலமாரியைக் காலி செய்துவிடாதீர்கள். பிறகு வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் கணக்கிட்டபோது, வகை கூடினால் விற்பனை குறையும் என்பது எங்கும் பொதுவாகப் பொருந்தவில்லை. என் கடையில் நாற்பது வகை ஊதுபத்தி இருந்தது. வகையைக் குறைக்கவில்லை, கம்பெனி வாரியாக அடுக்கியிருந்ததை மாற்றி, தினப்பூசைக்கு, விசேஷத்துக்கு, புகை குறைவாக வேண்டுபவர்களுக்கு என்று மூன்றாகப் பிரித்து எழுதி வைத்தேன். அதன் பிறகு வாங்குபவர்கள் அங்கே திகைத்து நிற்பது நின்றது. வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு விளங்கினால் போதும்.

நான்காம் படி: வேலையாளின் உப்பு

இங்கே நான் அழுத்தமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒரு கடையில் கல்லாவில் இருந்தேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. ஒரு நாள் இரவு கணக்கு முடிக்கையில் 17 வெள்ளி குறைந்தது. முதலாளி எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. மாத முடிவில் சம்பள உறையைத் திறந்தபோது 17 வெள்ளி குறைவாக இருந்தது. உறையின் பின்புறம் பென்சிலால் “கல்லா” என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் சொன்ன வேலையை மட்டும் செய்தேன். ஒரு பாட்டி மீதிப் பணத்தை மறந்துவிட்டுப் போனால் முன்பெல்லாம் ஓடிப்போய்க் கொடுப்பேன், பிறகு ஓடவில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது என்பதும், கல்லாவில் குறைந்த பணத்தை முதலாளி தன் விருப்பப்படி அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதும் எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

எனவே ஆள் எடுப்பதற்கு முன் இவற்றைச் சரிசெய்யுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கையில் சேர வேண்டும். வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி. முன்பு 48 மணியாக இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது. குறைந்தது 30 நிமிட இடைவெளி வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. சாதாரண நாளில் மிகைநேர வேலைக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுகளில் 8 நாள், அதன் பின் 12, ஐந்து ஆண்டு கடந்தால் 16. ஊழியர் சேமநிதிக்கு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் உள்ளூர் வேலையாளுக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, வேலையாளின் பங்கு 11 விழுக்காடு. வேலையாள்களின் சமூகக் காப்புறுதியான சொக்சோவையும் சேர்த்து மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். சேமநிதியைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதைப் போன்ற துரோகம் வேறில்லை. இன்று வேலையாள் கைப்பேசியிலேயே தன் கணக்கைப் பார்க்கிறார்.

சட்டத்தில் எழுதாத உப்பும் உண்டு. கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி. சாப்பிட ஒரு மூலை, குடிக்கத் தண்ணீர், ஒரு மின்விசிறி. அடுத்த வாரத்து வேலை அட்டவணை இந்த வாரமே கைக்கு வருவது. வாங்குபவர் முன்னிலையில் திட்டாமல் இருப்பது.

ஹெர்ஸ்பர்க்கின் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். நல்லது நடந்தால் தன்னால் என்றும், கெட்டது நடந்தால் பிறரால் என்றும் சொல்வது மனித இயல்பு; அவர் கேட்ட முறையே அப்படிப்பட்ட விடைகளை வரவழைத்திருக்கலாம் என்று பிறகு பலர் குறை சொன்னார்கள். அவர் கேட்டவர்களும் ஓரளவு வசதியான சம்பளக்காரர்கள். 1,700 ரிங்கிட்டில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பார்க்கிற ஒருவரிடம் போய், சம்பளம் மகிழ்ச்சி தராது என்று பாடம் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. முடிந்தபோது கூட்டிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: நிலைக்க வைப்பது

விளக்கேற்றிக் காட்டிய பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள்? திறமைசாலி என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே, 20 வெள்ளி வரை செலவாகும் எந்த முடிவையும் என்னைக் கேட்காமல் எடுக்கலாம், ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தேன். அந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலின் விலை அதற்குள் அடங்கியது. ஒவ்வொன்றுக்கும் முதலாளியைக் கேட்க வேண்டும் என்றால், கேட்பதற்குத் தயங்கிப் பேசாமல் இருந்துவிடுவதுதான் எளிது, இழப்பு கடைக்கு. அந்த ஆண்டு முழுவதும் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதத்து விளம்பரச் செலவுகூட ஆகவில்லை.

பொறுப்பைக் கொடுங்கள், ஒருவரிடம் ஓர் அலமாரியை முழுமையாக ஒப்படைத்து, எதை எவ்வளவு வரவழைப்பது என்று அவரே முடிவு செய்யட்டும். தெரிந்ததைக் கற்றுக்கொடுங்கள், எந்த மிளகாய்க்கு நிறம், எந்த மிளகாய்க்குக் காரம் என்று சொல்லத் தெரிந்த வேலையாள் தன் வேலையை மதிக்கிறார். பாராட்டுவதானால் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். “நல்லா வேலை செய்றீங்க” என்பது காற்றில் போய்விடும். “அந்தம்மாவுக்குத் தாளை விரிச்சுக் காட்டினீங்களே” என்பது நிற்கும்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஜேம்ஸ் ஹெஸ்கெட்டும் அவருடைய சகாக்களும் 1994இல் எழுதிய கட்டுரையில், வேலையாளின் மனநிறைவு அவரை நிலைக்க வைக்கிறது, நிலைத்தவரின் கைத்திறம் வாங்குபவரை நிறைவாக்குகிறது, நிறைவடைந்தவர் திரும்பி வருவதால் லாபம் வருகிறது என்று ஒரு சங்கிலியாகக் காட்டினார்கள். எல்லா வணிகத்திலும் அது அப்படியே நீளும் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் தெரிந்து வாங்கும் கடைத்தெருவில் அது பொருந்துகிறது. பாட்டிக்கு முழங்கால் வலி என்று தெரிந்து நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையாள் போய்விட்டால், அந்தப் பாட்டியும் மெல்ல வராமல் போய்விடுகிறார்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும்

இரண்டு கணக்குகளும் ஒன்றாகச் சோதிக்கப்படும் காலம் தீபாவளிக்கு முந்திய நான்கு வாரங்கள். விலைச்சீட்டு, சில்லறை, கூடுதல் தராசு ஆகியவற்றை அதற்கு முன்பே சரிபாருங்கள். மிகைநேர வேலை யாருக்கு எந்த நாளில் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் வீட்டிலும் முறுக்குச் சுட வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். பொது விடுமுறை நாளில் ஒருவர் வேலைக்கு வந்தால், மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். நான் அன்று கடையை அடைத்துவிடுவேன்.

பண்டிகை முடிந்து கடை திறக்கும் முதல் நாள் காலையில் கூட்டம் இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தேநீர் வாங்கி வந்து, எல்லாரும் உட்காருங்கள். எந்தப் பொருளைக் கேட்டு இல்லாமல் திரும்பினார்கள், எதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், எந்த நாளில் யார் சாப்பிடாமலே நின்றார்கள் என்று வேலையாள்களைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்துப் பேசாமல், முதல் படியில் வாங்கிய அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் பொங்கலுக்குள் மாற்றக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று அவர்கள் முன்னாலேயே எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.